பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆயில் டேங்க்: எதை எடுக்கணும், ஹோஸ் எப்படிப் போடணும்

டிரை சம்ப் இன்ஜின்ல, அதாவது ஆயிலை இன்ஜினுக்கு அடியில இருக்கிற சம்ப்ங்கிற தொட்டியில வைக்காம வெளிய தனி டேங்குல வச்சிருக்கிற இன்ஜின்ல, அந்த ஆயில் டேங்குக்கு ரெண்டு வேலை இருக்கு. ஆயிலை வச்சிருக்கிறது ஒண்ணு, திரும்பி வர்ற ஆயில்ல கலந்திருக்கிற காத்தைப் பிரிச்சு வெளிய விடறது இன்னொண்ணு. இந்த ரெண்டாவது வேலையை மறந்துட்டுத்தான் நிறைய பேரு டேங்க் வாங்குறாங்க, எத்தனை லிட்டர் பிடிக்கும், நம்ம இடத்துல அடங்குமா, வெல்டிங் பாக்க அழகா இருக்கா, இத்தோட முடிச்சுக்கிறாங்க. அப்புறம் ஒரு நீளமான வளைவுல வேகமா போறப்ப ஆயில் பிரஷர் முள்ளு படபடன்னு ஆடும், உடனே பம்ப் மேல சந்தேகம், கேஜ் மேல சந்தேகம், எல்லாத்தையும் மாத்திப் பாத்து அலுத்துப்போன நேரத்துல பேரிங் போயிடும். பிரச்சனை டேங்கோட உருவத்துலயோ, டேங்குல இருந்து பம்புக்கு வர்ற அந்த ஒரே ஒரு ஹோஸ்லயோதான் இருந்திருக்கும்.

மொதல்ல ஆயில் எப்படிச் சுத்துதுன்னு மனசுல படம் ஓடணும், அது தெரிஞ்சா மத்த முடிவு எல்லாம் தானா வந்துடும். டேங்கோட அடியில இருந்து ஆயில் பிரஷர் பம்புக்குப் போகுது, அங்கிருந்து ஃபில்டர் வழியா மெயின் கேலரி (இன்ஜினுக்குள்ள ஆயில் ஓடற முக்கியத் துளை), பேரிங், கேம், எல்லாத்தையும் நனைச்சுட்டு சம்ப்ல விழுது. சம்ப்ல தேங்கவிடாம ஸ்கேவெஞ்ச் பம்ப் அதை உறிஞ்சி டேங்குக்கே திருப்பி அனுப்புது. இதுல கவனிக்க வேண்டியது, ஸ்கேவெஞ்ச் பக்கத்தோட கொள்ளளவு எப்பவுமே பிரஷர் பக்கத்தை விட கணிசமா பெருசா வச்சிருப்பாங்க, ஒன்றரை மடங்கு, ரெண்டு மடங்கு, சிலதுல அதுக்கும் மேல. அதனால சம்ப்ல ஆயில் மிச்சம் இல்லாம காஞ்சே இருக்கும், ஆனா அந்தப் பம்ப் ஆயிலோட சேத்து அவ்வளவு காத்தையும் உறிஞ்சும். டேங்குக்கு வர்றது ஆயில் இல்ல, நுரை. அந்த நுரை திரும்பவும் பேரிங்குக்குப் போகக்கூடாது, ஏன்னா ஆயில் அமுங்காது, காத்து அமுங்கும், பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவுல நிக்கிற அந்த மெல்லிசான படலத்துல காத்துக் குமிழி வந்தா அந்த இடத்துல உலோகத்தோட உலோகம் உரசும்.

நேரமும் ரொம்பக் கம்மி. நிமிஷத்துக்கு 40 லிட்டர் தள்ளுற பம்புன்னு வச்சுக்குங்க, டேங்குல 6 லிட்டர் இருந்தா ஒரு சொட்டு ஆயில் உள்ள வந்து வெளிய போறதுக்கு 9 செகண்டுதான். அந்த 9 செகண்டுல காத்து பிரிஞ்சாகணும். இதனாலதான் டேங்கோட உருவம் லிட்டர் கணக்கை விட முக்கியம்னு சொல்றேன்.

உங்களுக்கு உண்மையிலயே டேங்க் தேவையா

கம்பெனியிலயே டிரை சம்ப்போட வந்த வண்டின்னா இந்தக் கேள்வியே இல்ல. 1954ல வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல், அதே வருஷத்து ஜாகுவார் டி டைப், 1966ல ஃபெராரி 275 ஜிடிபி/4, அப்புறம் டேடோனான்னு எல்லாரும் கூப்பிடுற 365 ஜிடிபி/4, 1978ல பிஎம்டபிள்யூ எம்1, ஆரம்பத்துல இருந்தே போர்ஷே 911, இதெல்லாம் டிரை சம்ப்தான். டி டைப்ல எல்லாம் இன்ஜினோட மொத்த உயரத்தைக் குறைச்சு பானெட்டைத் தாழ்த்துறதும் ஒரு முக்கியக் காரணம், அடியில ஆழமான சம்ப் இல்லன்னா இன்ஜினை அவ்வளவு கீழ இறக்கி வைக்கலாம்.

வெட் சம்ப் வண்டியை, அதாவது ஆயில் சம்ப்லயே இருக்கிற வண்டியை, டிரை சம்ப்பா மாத்தப் போறீங்கன்னா ஒரு நிமிஷம் நில்லுங்க. ரோட்டுல மட்டும் ஓட்டுற, எப்பவாவது ஒரு நாள் டிராக்ல இறக்குற வண்டிக்கு, நல்ல பேஃபிளும் (ஆயில் அலையாம தடுக்கிற தகடு) மடக்குக் கதவும் வச்ச சம்ப், இல்லன்னா ஒரு ஆயில் அக்யூமுலேட்டர் (அழுத்தத்துல ஆயிலைச் சேத்து வச்சு, பிரஷர் விழறப்ப இன்ஜினுக்கு விடற சின்ன டேங்க்), இதுவே பெரும்பாலும் போதும். ஸ்லிக் டயர் (பள்ளமே இல்லாத ரேஸ் டயர்) போட்டு ஓட்டுறவங்க, ரொம்ப நேரம் ஒரே பக்கமா திரும்புற வளைவு உள்ள டிராக்ல ஓட்டுறவங்க, இன்ஜினைக் கீழ இறக்கியே ஆகணும்ங்கிறவங்க, இவங்களுக்குத்தான் டிரை சம்ப் செலவுக்கும் வேலைக்கும் நியாயம் இருக்கு. டேங்க், பம்ப், பெல்ட், பத்துப் பன்னெண்டு ஹோஸ், அத்தனை ஃபிட்டிங், ஒவ்வொண்ணும் கசியறதுக்கு ஒரு இடம், இதையும் கணக்குல வச்சுக்கணும்.

உருவம்

ஒல்லியா உயரமா உருளையா இருக்கணும். விட்டத்தை விட உயரம் குறைஞ்சது ரெண்டு மடங்காவது இருந்தா நல்லது, மூணு மடங்குன்னா இன்னும் நல்லது. ஏன்னு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாத்துடலாம். வண்டி 1 ஜி விசையில, அதாவது புவியீர்ப்பு அளவுக்குப் பக்கவாட்டுல தள்ளற மாதிரி, திரும்பினா டேங்குக்குள்ள ஆயிலோட மேல்மட்டம் 45 டிகிரி சாயும். 15 செமீ விட்டமுள்ள டேங்குல ஒரு ஓரம் 7.5 செமீ ஏறும், எதிர் ஓரம் 7.5 செமீ இறங்கும், அதாவது அடியில 8 செமீ ஆயில் இருந்தாலே அடித்தட்டு முழுக்க மூடியே இருக்கும். அதே ஆயிலை 40 செமீ அகலமான தட்டையான டப்பாவுல வச்சா ஒரு ஓரம் 20 செமீ இறங்கப் பாக்கும், அவ்வளவு ஆழமே அதுல இருக்காது, அவுட்லெட் அந்தப் பக்கம் இருந்தா பம்ப் நேரா காத்தைத்தான் குடிக்கும். பிரேக் போடறப்பவும் இதே கதைதான், திசை மட்டும் மாறும்.

15 செமீ விட்டத்துக்கு ஒரு லிட்டர்னா சுமாரா 5.7 செமீ உயரம். 50 செமீ உயரமுள்ள டேங்க் 8.8 லிட்டர் பிடிக்கும், அதுல 6 லிட்டர் ஊத்தினா மட்டம் 34 செமீல நிக்கும், மேல 16 செமீ காலி. அந்தக் காலி இடத்தை வீண்னு நினைக்காதீங்க, நுரை அடங்கறதுக்கும் காத்து பிரியறதுக்கும் அந்த இடம்தான் வேணும், மொத்தக் கொள்ளளவுல கால் பங்குல இருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் காலியா விடணும். போதாததுக்கு ஆயில் சூடானா விரியும், 10 லிட்டர் ஆயில் 80 டிகிரி சூடேறினா அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலயே பெருகும். இதையெல்லாம் கழிச்சுட்டு மிச்சத்தைத்தான் உங்க ஆயில்னு சொல்லணும், அதனால "10 லிட்டர் டேங்க்"னு எழுதியிருந்தா 10 லிட்டர் ஊத்தற டேங்க்னு அர்த்தம் இல்ல.

அடுத்தது உள்ள வர்ற வழி. ரிட்டர்ன் ஃபிட்டிங் டேங்கோட மேல்பக்கம், ஆயில் மட்டத்துக்கு மேல இருக்கணும், அது நடுவைப் பாத்து நேரா குத்தற மாதிரி இல்லாம சுவரை ஒட்டினாப்ல சாய்வா நுழையணும். அப்பதான் வர்ற ஆயில் சுவரோரமா சுழண்டுக்கிட்டே கீழ இறங்கும், கனமான ஆயில் வெளிப்பக்கம் ஒட்டிக்கும், லேசான காத்து நடுவுக்கு வந்து மேல போயிடும். நேரா ஆயில் மேல விழற மாதிரி ரிட்டர்ன் வச்ச டேங்க் இருந்தா எவ்வளவு அழகா பாலிஷ் போட்டிருந்தாலும் வேண்டாம், அது நுரையைக் குறைக்கிறதுக்குப் பதிலா புதுசா நுரை கிளப்பும்.

அந்தச் சுழல் அப்படியே அடி வரைக்கும் போனாலும் தப்பு, அவுட்லெட்டுக்கு மேல சுழி உண்டாகி நடுவுல காத்து உள்ள இறங்கிடும். அதனால கீழ்ப்பாதியில ஓட்டை போட்ட ஒரு தட்டு குறுக்கா இருக்கணும், அவுட்லெட்டுக்கு மேல சிலுவை மாதிரி நிக்கிற தகடு இருந்தா ரொம்ப நல்லது. வாங்கறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து டார்ச் அடிச்சுப் பாருங்க, உள்ள ஒண்ணுமே இல்லாம வெறும் உருளையா இருந்தா விட்டுடுங்க. ரெண்டு துண்டா கழட்டற மாதிரி, நடுவுல கிளாம்ப் பேண்ட் வச்ச டேங்க் கிடைச்சா கொஞ்சம் கூடக் குடுத்தாலும் அதை எடுங்க, சுத்தம் பண்றப்ப அதோட அருமை தெரியும்.

பழைய ஒரிஜினல் டேங்க் கையில இருந்தா

ஒரிஜினல் டேங்கை முடிஞ்ச வரைக்கும் காப்பாத்துங்க, அது அந்த வண்டியோட பாகம். ஆனா ரெண்டு விஷயம் சோதிக்காம திரும்ப மாட்டாதீங்க.

ஒண்ணு, முன்னாடி இந்த இன்ஜின்ல பேரிங் போயிருக்கான்னு தெரிஞ்சுக்குங்க. போயிருந்தா அந்த உலோகத் தூள் பூரா டேங்கோட பேஃபிளுக்குப் பின்னாடியும் ஆயில் கூலரோட சந்துகள்லயும்தான் உக்காந்திருக்கும். மண்ணெண்ணெய் ஊத்திக் குலுக்கினா ஒரு பங்கு வரும், மிச்சம் புது இன்ஜின் ஓடி சூடாகி அதிர ஆரம்பிச்சதும் மெதுவா கிளம்பி வரும். ஒட்டின டேங்க்னா ஓரத்தை வெட்டித் திறந்து, கழுவி, திரும்ப வெல்ட் பண்றதுதான் நம்பகமான வழி. கூலர் விஷயத்துல நான் பேரமே பேச மாட்டேன், பேரிங் போன இன்ஜினோட கூலர்னா புதுசு போட்டுடணும். இன்ஜின் ரீபில்டுக்கு அவ்வளவு செலவு பண்ணிட்டு கூலர்ல மிச்சம் பிடிக்கிறதுல அர்த்தமே இல்ல. கழுவறப்ப இன்னொரு எச்சரிக்கை, அலுமினிய டேங்குல காஸ்டிக் சோடா பக்கமே போகாதீங்க, அது அலுமினியத்தையே கரைச்சுடும்.

ரெண்டாவது, விரிசலும் துருவும். வீல் ஆர்ச்சுக்குள்ள உக்கார்ற ஸ்டீல் டேங்க் சேறும் தண்ணியும் பட்டு வெளிய இருந்து துருப்பிடிக்கும், பிராக்கெட் ஒட்டியிருக்கிற இடத்துல அதிர்வுல மயிரிழை விரிசல் விடும். எல்லா வாயையும் அடைச்சு 0.2 பார் அளவுக்கு மட்டும் காத்து ஏத்தி சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க. அதுக்கு மேல ஏத்தாதீங்க, இது பிரஷர் தாங்கறதுக்காகச் செஞ்ச பாத்திரம் இல்ல, தட்டையான பக்கங்கள் உப்பிடும். விரிசலை ஒட்டணும்னா, உள்ள ஆயில் வாசனையே இல்லாத அளவுக்குக் கழுவின பிறகுதான் வெல்டர் கையில குடுக்கணும், மூடின டேங்குல ஆயில் ஆவி மிச்சம் இருந்து நெருப்புப் பட்டா வெடிக்கும்.

எங்க வைக்கிறது

பம்புக்குப் பக்கமா, அவுட்லெட் பம்போட இன்லெட்டை விட உயரமா இருக்கற மாதிரி. பம்ப் உறிஞ்சி இழுக்கிறதை விட ஆயில் தானா இறங்கிப் பம்புக்கு வர்றது எவ்வளவோ மேல், குளிர்ல ஆயில் கெட்டியா இருக்கறப்ப இந்த வித்தியாசம் நல்லாத் தெரியும். எக்ஸாஸ்ட் பக்கத்துல வேண்டாம், வேற வழியே இல்லன்னா நடுவுல ஒரு ஹீட் ஷீல்டு வையுங்க. ஆளு உக்கார்ற இடத்துக்குள்ள வச்சா, டேங்குக்கும் ஆளுக்கும் நடுவுல முழுசா மூடின தடுப்பு இருந்தே ஆகணும், 110 டிகிரி ஆயில் மேல பட்டா என்னாகும்னு சொல்லத் தேவையில்ல.

வாய் எங்க இருக்குங்கிறதும் முக்கியம். 1972 மாடல் 911ல போர்ஷே டேங்கைப் பின் சக்கரத்துக்கு முன்னாடி கொண்டுவந்து, எடையை நடுப்பக்கமா நகர்த்தி, ஊத்தற வாய்க்கு வலது பக்கம் கதவுக்குப் பின்னால வெளிய ஒரு சின்ன மூடி வச்சாங்க. பொறியியலா பாத்தா நல்ல யோசனை, ஆனா பெட்ரோல் போடறவங்க அதைப் பெட்ரோல் மூடின்னு நினைச்சு ஆயில் டேங்குல பெட்ரோலை ஊத்தினாங்க, அடுத்த வருஷ மாடல்லயே டேங்க் பழைய இடத்துக்குப் போயிடுச்சு. நீங்க வெளிப்பக்கம் வாய் வச்சா மூடி மேல பெருசா எழுதி வையுங்க.

டேங்கை பாடியோட நேரா போல்ட் போட்டு இறுக்காதீங்க, ரப்பர் மவுண்ட் மேல உக்கார வையுங்க, இல்லன்னா உருளையைச் சுத்தி ரப்பர் பட்டை வச்சு ரெண்டு ஸ்ட்ராப் போடுங்க. 8 லிட்டர் ஆயிலே 7 கிலோ வரும், டேங்கோட எடையும் சேத்தா அது ஒரு பள்ளத்துல விழறப்ப பிராக்கெட்டுக்கு எவ்வளவு அடின்னு யோசிச்சு அடியில ஒரு தாங்கு தட்டும் குடுங்க, ஸ்ட்ராப் மட்டும் நம்பி தொங்கவிட வேண்டாம்.

சக்ஷன் ஹோஸ், இங்கதான் கஞ்சத்தனமே கூடாது

டேங்குல இருந்து பிரஷர் பம்புக்கு வர்ற ஹோஸ்தான் மொத்த பிளம்பிங்லயே முக்கியமானது. பம்ப் எவ்வளவு பலமாவும் தள்ளும், ஆனா உறிஞ்சறதுக்கு அதுக்குக் கிடைக்கிறது வெளிக்காத்தோட அழுத்தம் மட்டும்தான். ஹோஸ் சின்னதா இருந்தா பம்ப் வாயில வெற்றிடம் உண்டாகி ஆயில்ல கரைஞ்சிருக்கிற காத்து குமிழியா வெளிய வரும், டேங்க் கஷ்டப்பட்டுப் பிரிச்சதெல்லாம் வீணாப் போயிடும்.

அதே 40 லிட்டர் கணக்கை எடுத்துக்கலாம். ஏஎன்ங்கிறது ஹோஸுக்கும் ஃபிட்டிங்குக்கும் உள்ள ஒரு சைஸ் முறை. ஏஎன்-10 ஹோஸ்ல உள்விட்டம் சுமாரா 14 மிமீ, ஆயில் செகண்டுக்கு 4.3 மீட்டர் வேகத்துல ஓடணும். ஏஎன்-12ல சுமாரா 17 மிமீ, வேகம் 3 மீட்டர் கிட்ட. ஏஎன்-16ல சுமாரா 22 மிமீ, 1.75 மீட்டர்தான். உறிஞ்சற பக்கத்துக்கு வேகம் எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது. சின்ன நாலு சிலிண்டர் இன்ஜின், ஹோஸும் கையகல நீளம்தான்னா ஏஎன்-12 போதும், ஆறு சிலிண்டர், எட்டு சிலிண்டர்னா கண்ணை மூடிக்கிட்டு ஏஎன்-16. இந்த எண்ணு எல்லாம் ஒரு அங்குலத்துல பதினாறு பாகக் கணக்கு, 16ன்னா ஒரு அங்குலக் குழாய், 12ன்னா முக்கால் அங்குலம், ஆனா ஹோஸோட உள்விட்டம் அதை விடக் கொஞ்சம் கம்மியா இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வாங்கறப்ப அளந்து பாத்துக்குங்க.

சக்ஷன் ஹோஸ் உள்பக்கமா நசுங்காததா இருக்கணும். பழசான ரப்பர் ஹோஸ் சூட்டுல மெத்துன்னு ஆகி உறிஞ்சற வேகத்துல சப்பிப்போயிடும், வெளிய ஸ்டீல் பின்னல் அப்படியே உருண்டையா இருக்கறதால கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வெற்றிடம் தாங்கும்னு தயாரிச்சவங்க சொல்லியிருக்கிற ஹோஸா எடுங்க, இல்லன்னா உள்ள கம்பிச் சுருள் வச்சது. வளைவு வேணும்னா குழாயை வளைச்சுச் செஞ்ச ஃபிட்டிங் போடுங்க, உள்ள ரெண்டு துளை செங்குத்தா முட்டற மாதிரி கடைஞ்ச 90 டிகிரி ஃபிட்டிங் சக்ஷன்ல கூடாது. ஹோஸ் டேங்குல இருந்து பம்பு வரைக்கும் தொடர்ச்சியா இறங்கிக்கிட்டே போகணும், நடுவுல மேல ஏறி இறங்கினா அந்த மேட்டுல காத்து சிக்கிக்கும். இந்த லைன்ல பில்டரும் வேண்டாம், ரொம்ப ஆசைப்பட்டா டேங்கோட அவுட்லெட்ல பெரிய பரப்புள்ள, ஓட்டை பெருசான வலை ஒண்ணு, அவ்வளவுதான்.

மத்த லைன்கள்

ஸ்கேவெஞ்ச் பம்போட ஒவ்வொரு பிரிவுக்கும் சம்ப்ல இருந்து தனித்தனி ஹோஸ், பொதுவா ஏஎன்-12, ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி கழட்டிச் சுத்தம் பண்ற மாதிரி ஒரு வலை. எது உடைஞ்சாலும் மொதல்ல துண்டு வந்து நிக்கிறது அந்த வலையிலதான், பம்பும் பிழைக்கும், எந்தப் பக்கம் பிரச்சனைன்னும் தெரியும். பம்புல இருந்து டேங்குக்குப் போற ரிட்டர்ன் ஏஎன்-12 இல்லன்னா 16, இதுல போறது ஆயிலும் காத்தும் சேந்த பெரிய அளவு, அதனால நெருக்கக்கூடாது.

ஆயில் கூலரை ரிட்டர்ன் பக்கத்துல வைக்கிறது பரவலான வழக்கம், அழுத்தம் கம்மி, கூலர் வெடிச்சாலும் பேரிங்குக்குப் போற அழுத்தம் உடனே விழாது. ஒரு தெர்மோஸ்டாட் கட்டாயம் வையுங்க, 80, 85 டிகிரி வாக்குல திறக்கிறதா, ஏன்னா பழைய ஸ்போர்ட்ஸ் கார் நிறைய பேரு அதிகம் சூடாகும்னு பயந்து அளவுக்கு மீறி குளிர வச்சுத்தான் கெடுக்கிறாங்க, ஆயில் 70 டிகிரி கூட தாண்டலன்னா உள்ள சேர்ற ஈரம் ஆவியாகாது. 80ல இருந்து 110 வரைக்கும் ஓடினா நிம்மதியா இருக்கலாம். கூலரோட ரெண்டு வாயும் மேல பாத்த மாதிரி, இல்லன்னா பக்கவாட்டுல மாட்டுங்க, கீழ பாத்து மாட்டினா மேல்பாதியில காத்து தங்கிடும். மெயின் ஃபில்டர் பிரஷர் பம்புக்கு அப்புறம், இன்ஜினுக்கு முன்னாடி.

ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் அரம் மாதிரி, எதுல உரசுதோ அதை அறுத்துடும், சேஸிஸ், வயரிங், பெட்ரோல் லைன், எதுவா இருந்தாலும். தடுப்புத் தகட்டைத் தாண்டற இடத்துல ரப்பர் குரோமெட், நடுவுல அங்கங்க கிளாம்ப். ரப்பர் மவுண்ட்ல நிக்கிற இன்ஜின் ஆடும், அதனால இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல கடைசிப் பகுதி கண்டிப்பா வளையற ஹோஸா, கொஞ்சம் தொய்வோட இருக்கணும்.

ஹோஸ் வெட்டறப்ப மேல டேப் சுத்தி, மெல்லிய கட்டிங் டிஸ்க்ல வெட்டினா பின்னல் பிரியாது. வெட்டினதும் உள்ள ரப்பர் தூளும் கம்பித் துகளும் ஒட்டியிருக்கும், அதைக் கரைப்பான் ஊத்தி, துணியை உள்ள இழுத்து, திரும்ப ஊத்தி, துணி வெள்ளையா வர்ற வரைக்கும் விடாதீங்க. கழுவின உடனே ரெண்டு முனையையும் மூடி வையுங்க. இந்த ஒரு வேலைல பொறுமை காட்டினவங்க இன்ஜினு ரொம்ப நாள் வாழும்.

திரெட் குழப்பம்

பழைய பிரிட்டிஷ் வண்டியில பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரை), ஜெர்மன் வண்டியில மெட்ரிக், புதுசா வாங்கற டேங்குல ஏஎன் இல்லன்னா என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை), எல்லாம் ஒரே வண்டியில வந்து சேரும். இதுல மாட்டிக்காம இருக்கணும். அரை அங்குலமும் முக்கால் அங்குலமும் பிஎஸ்பிலயும் என்பிடிலயும் அங்குலத்துக்கு 14 மரை, ஆனா மரையோட கோணம் ஒண்ணுல 55 டிகிரி, இன்னொண்ணுல 60. அதனால கையால நாலு சுத்து ஏறும், சரியாத்தான் இருக்குன்னு தோணும், இறுக்கினா கசியும், இன்னும் இறுக்கினா அலுமினிய வாய் பிளந்துக்கும். அதே மாதிரி ஏஎன் ஃபிட்டிங் 37 டிகிரி சாய்வுல உக்காரும், சாதாரண வண்டிகள்ல வர்ற எஸ்ஏஇ ஃபிளேர் (முனை விரிச்ச குழாய் ஃபிட்டிங்) 45 டிகிரி, சில சைஸ்ல மரை ரெண்டுலயும் ஒண்ணுதான், மாட்டும், ஆனா அடைக்காது.

டேங்கைப் புதுசா செய்யச் சொல்றீங்கன்னா எல்லா வாயும் ஓ ரிங் வச்சு நேர் மரையில உக்கார்ற மாதிரி கேளுங்க, என்பிடி மாதிரி கூம்பு மரை அலுமினியத்துல வேண்டாம். ஏஎன் மரையில டெஃப்லான் டேப் சுத்தாதீங்க, அடைக்கிறது அந்த சாய்வு முகம்தான், மரை இல்ல, பிஞ்ச டேப் துண்டு நேரா ஆயில் துளையில போய் நிக்கும். மரைல ஒரு சொட்டு ஆயில் தடவி, ரெண்டு ஸ்பேனர் போட்டு, ஒண்ணால பிடிச்சுக்கிட்டு இன்னொண்ணால இறுக்குங்க.

பிரீதர்

ஸ்கேவெஞ்ச் உறிஞ்சற காத்து பூரா டேங்குக்குள்ளதான் வந்து விழுது, அது வெளிய போக வழி வேணும், அந்த வழிதான் பிரீதர். பிரீதர் டேங்கோட உச்சியில, ரிட்டர்ன் வாய்ல இருந்து தள்ளி, குறைஞ்சது ஏஎன்-12 அளவுல, நடுவுல ஒரு தடுப்புத் தகடோட இருக்கணும். சின்னதா வச்சா டேங்க் உள்ள அழுத்தம் ஏறி மூடி வழியா ஆயில் கசியும், டிப்ஸ்டிக்கே வெளிய தள்ளும். ஹோஸ் மேல ஏறிப் போய் அப்புறம் கேட்ச் கேனுக்கு (வெளிய வர்ற ஆயிலைப் பிடிக்கிற டப்பா) இறங்கட்டும், அப்ப காத்தோட கூடப் போன ஆயில் கொஞ்சம் டேங்குக்கே திரும்பி வரும். போட்டிக்குப் போற வண்டின்னா எஃப்ஐஏ (சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பு) விதிப்படி 2000 சிசி வரைக்கும் 2 லிட்டர், அதுக்கு மேல 3 லிட்டர் கேன், உள்ள இருக்கிறது வெளிய தெரியற மாதிரி. ரோட்டு வண்டிக்கும் இந்த அளவே நல்ல அளவு.

நிறுத்தி வச்சா ஆயில் சம்ப்புக்கு இறங்கறது

டேங்க் பம்பை விட உயரமா இருக்குல்ல, அதனால வண்டி வாரக்கணக்கா நின்னா பம்ப் பல்லுக்கு நடுவுல இருக்கிற இடுக்கு வழியா ஆயில் மெல்ல இன்ஜினுக்குள்ள இறங்கிடும். டிப்ஸ்டிக் எடுத்துப் பாத்தா டேங்க் காலி மாதிரி தெரியும், உடனே ரெண்டு லிட்டர் ஊத்துவாங்க, ஸ்டார்ட் பண்ணினதும் சம்ப்ல இருந்த ஆயில் எல்லாம் டேங்குக்குத் திரும்பி, பிரீதர் வழியா பொங்கி வரும். அதனால டிரை சம்ப் வண்டியில குளிர்ந்த இன்ஜின்ல பாத்து ஆயில் ஊத்தவே கூடாது. நல்லா சூடாகி தெர்மோஸ்டாட் திறந்த பிறகு, சமதளத்துல, இன்ஜின் ஐடிலிங்ல ஓடிக்கிட்டு இருக்கறப்ப டிப்ஸ்டிக் பாக்கணும், 911க்கும் இதே முறைதான்.

இதைத் தடுக்க சக்ஷன் லைன்ல செக் வால்வு வைக்கிறவங்க இருக்காங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, அந்த ஸ்பிரிங் ஒரு தடை, என்னைக்காவது சிக்கினா இன்ஜின் காலி. கையால மூடற வால்வு வச்சாலும், வால்வு திறந்தா மட்டும்தான் இக்னிஷன் வேலை செய்யற மாதிரி ஒரு ஸ்விட்ச் இல்லாம வைக்காதீங்க. மாசக்கணக்கா நின்ன வண்டியா இருந்தா சம்ப் பிளக்கைக் கழட்டி, இறங்கியிருக்கிற ஆயிலைச் சுத்தமான பாத்திரத்துல பிடிச்சு டேங்குல ஊத்திட்டு ஸ்டார்ட் பண்றது போதும்.

மொத ஸ்டார்ட்

ஃபில்டர்ல ஆயில் நிரப்பிட்டு மாட்டுங்க. டேங்குல பாதிக்கு மேல ஊத்துங்க, பம்போட இன்லெட் ஹோஸை லேசாத் தளர்த்தி, குமிழி இல்லாம ஆயில் வடியற வரைக்கும் விட்டு இறுக்குங்க. பெல்ட்ல ஓடற வெளி பம்புன்னா பெல்ட்டைக் கழட்டிட்டு டிரில் மெஷினால சுத்தற திசைல பம்பைச் சுத்தி பிரஷர் ஏத்தலாம், உள்ள இருக்கிற பம்புன்னா ஸ்பார்க் பிளக் எல்லாம் கழட்டி, இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டிச்சு, ஸ்டார்ட்டர்ல பத்துப் பதினஞ்சு செகண்டா விட்டு விட்டு சுத்துங்க. கேஜ்ல முள்ளு ஏறின பிறகுதான் பிளக் போட்டு ஸ்டார்ட். முள்ளு ஏறவே இல்லன்னா தொடர்ந்து சுத்தாதீங்க, சக்ஷன் பக்கம் எங்கயோ காத்து வாங்குது, மொதல்ல அதைக் கண்டுபிடிங்க.

ஸ்டார்ட் ஆனதும் ஒருத்தர் கேஜைப் பாக்கட்டும், இன்னொருத்தர் டேங்க் வாய்க்குள்ள பாக்கட்டும், சில செகண்டுல ரிட்டர்ன் ஆயில் சுவரோரமா சுழண்டு வர்றது தெரியணும். பிரஷர் இருக்கு, ரிட்டர்ன் வரலன்னா உடனே நிறுத்துங்க, ஸ்கேவெஞ்ச் லைன்ல ஏதோ மாறி மாட்டியிருக்கு, ஆயில் பூரா சம்ப்ல நிறையுது. எல்லாம் சரின்னா ஹோஸும் கூலரும் நிறைய நிறைய மட்டம் இறங்கும், தெர்மோஸ்டாட் திறந்ததும் இன்னொரு தடவை இறங்கும், பக்கத்துல ஆயில் கேன் தயாரா வச்சுக்கிட்டு அப்பப்ப ஊத்திக்கிட்டே வாங்க.

ஆறினதும் எல்லா ஃபிட்டிங்கையும் ஒரு தடவை ஸ்பேனர் வச்சுப் பாருங்க, வெள்ளைப் பேப்பரால அடியில துடைச்சா கசிவு தெரியும். மொத ஃபில்டரை ரொம்ப நாள் ஓட்டாம சீக்கிரமே கழட்டி, வெட்டித் திறந்து, மடிப்பை விரிச்சு வெயில்ல பிடிச்சுப் பாருங்க, காந்தமும் ஓட்டிப் பாருங்க. வேகமா ஓட்டின முதல் நாளுக்கு அப்புறம் கேட்ச் கேனைத் திறங்க, அடியில லேசா படிஞ்சிருந்தா கவலை இல்ல, அரை லிட்டர் கிட்ட நின்னா டேங்குல ஆயில் அதிகம், அரை லிட்டர் குறைச்சுட்டு திரும்ப ஓட்டுங்க, குறைச்சும் அதே அளவு வந்தா பிரீதர் இருக்கிற இடமோ உள்ள இருக்கிற தடுப்போ சரியில்ல. சரியான மட்டம் எதுன்னு கிடைச்சதும், சூடா ஐடிலிங்ல ஓடறப்ப டிப்ஸ்டிக்ல எங்க நிக்குதோ அந்த இடத்துல அரத்தால ஒரு கீறல் போட்டுடுங்க.